திறவுகோல் தேடும் கணினி

பாடத்தில் நுழையும் முன்

விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைகிறது. குருதியில் கலந்து உடலெங்கும் செல்கிறது. அங்கே பல்லாயிரம் வகைப் புரதங்கள் உள்ளன. அவற்றுள் எதனோடு சேர வேண்டும் என்பதை மருந்து எவ்வாறு அறிகிறது? மருந்துக்கு அறிவு இல்லை, வடிவம் உண்டு. அவ்வடிவம் பொருந்தும் இடத்தில் அது ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பொருத்தத்தை ஆய்வகத்தில் சோதிக்கும் முன்பே கணித்துக் கூறக் கணினியைப் பழக்குகின்றனர் அறிவியலாளர். அம்முயற்சியையும், அதில் அவர்கள் கற்றுக்கொண்ட ஒரு படிப்பினையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பூட்டும் திறவுகோலும்

உடலின் வேலைகளுள் பெரும்பாலானவற்றைச் செய்வன புரதங்கள். உணவைச் செரிக்கச் செய்வதும், குருதியில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வதும், உயிரணுக்களுக்கிடையே செய்தி கொண்டு சேர்ப்பதும் அவற்றின் பணிகளே. நாரில் பூக்களைத் தொடுப்பது போல, 20 வகை அமினோ அமிலங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக இணைந்து நீண்ட சங்கிலியாகின்றன. அச்சங்கிலி மடங்கியும் சுருண்டும் தனக்கென ஒரு வடிவத்தைப் பெறுகிறது. அவ்வாறு உருவான புரதத்தின் மேற்பரப்பில் சிறுசிறு குழிகள் அமைகின்றன. மருந்தின் மூலக்கூறு சென்று அமரும் இடம் பெரும்பாலும் இத்தகைய ஒரு குழியே ஆகும்.

1894ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் ஓர் உவமையைக் கூறினார். நொதி என்னும் புரதமும் அது வினைபுரியும் பொருளும் பூட்டும் திறவுகோலும் போலப் பொருந்த வேண்டும் என்பது அவர் கருத்து. 1958இல் அமெரிக்க அறிவியலாளர் டேனியல் கோஷ்லண்டு அவ்வுவமையைத் திருத்தினார். புரதம் இரும்புப் பூட்டைப் போல விறைப்பானது அன்று. கை நுழையும்போது கையுறை வடிவம் மாறுவது போல, மூலக்கூறு வந்து சேரும்போது புரதமும் சற்றே நெகிழ்ந்து கொடுக்கிறது என்று அவர் விளக்கினார்.

வடிவம் மட்டும் பொருந்தினால் போதாது. மூலக்கூறின் நேர்மின் பகுதிக்கு எதிரே புரதத்தின் எதிர்மின் பகுதி அமைய வேண்டும். நீரை விலக்கும் பகுதிகள் ஒன்றையொன்று நாடிச் சேர வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்புகள் சில உருவாக வேண்டும். இவை யாவும் கூடி வரும்போதே மருந்து புரதத்தை இறுகப் பற்றுகிறது.

ஓர் அமினோ அமிலத்தின் மாற்றம்

இப்பொருத்தம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு இமாட்டினிப் என்னும் மருந்தின் வரலாறு சான்றாகும். நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில், இயல்புக்கு மாறான ஒரு புரதம் தோன்றி, ‘பெருகுக, பெருகுக’ என்று உயிரணுக்களுக்கு ஓயாமல் ஆணையிடுகிறது. இமாட்டினிப் அப்புரதத்தின் குழியில் அமர்ந்து அவ்வாணையை நிறுத்துகிறது. 2001இல் அமெரிக்காவில் இம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதுவரை பலரின் உயிரைக் குடித்துவந்த அந்நோய், நாள்தோறும் மாத்திரை உண்டு கட்டுப்படுத்தத்தக்க ஒன்றாயிற்று.

ஆயினும் சிலருக்கு மருந்து சில காலத்தின்பின் பயனளிக்கவில்லை. அதன் காரணங்களுள் ஒன்றை ஆய்வாளர் கண்டறிந்தனர். அப்புரதச் சங்கிலியின் 315ஆம் இடத்தில் திரியோனின் இருக்க வேண்டும். அவ்விடத்தில் ஐசோலியூசின் வந்துவிட்டிருந்தது. அவ்வொரு மாற்றத்தால் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு இல்லாமற்போயிற்று. புதிதாக வந்த அமினோ அமிலமும் குழியின் வழியை அடைத்துக்கொண்டது. பூட்டில் ஒரு பல் மாறியது; திறவுகோல் நுழையவில்லை. அத்தடையைக் கடந்து பொருந்தும் பொனாட்டினிப் என்னும் மருந்து 2012இல்தான் ஒப்புதல் பெற்றது. நோயாளிக்கு அவ்விடைப்பட்ட ஆண்டுகள் மிக நீண்டவை. புதிய திறவுகோலை விரைந்து கண்டறிய வேண்டும் என்னும் வேட்கை இத்தகைய காத்திருப்பிலிருந்தே பிறக்கிறது.

வடிவத்தைக் கண்டவர்கள்

திறவுகோல் செய்ய முதலில் பூட்டின் அமைப்புத் தெரிய வேண்டும். புரதமோ கண்ணுக்குத் தெரியாதது. அதைப் படிகமாக்கி, அதன்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, சிதறும் கதிர்களின் கோலத்திலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடுகின்றனர். இம்முறையில் முதன்முதலாக ஒரு புரதத்தின் வடிவத்தை 1958இல் வெளியிட்டவர் ஜான் கென்ட்ரூ. திமிங்கிலத்தின் தசையிலுள்ள மயோகுளோபின் அப்புரதம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன், தம் உடன் ஆய்வாளர்களுடன் 1963இல் ஓர் அரிய வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலாது என்பதை அது காட்டுகிறது. அதன் அடிப்படை எளியது: பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் ஓர் எல்லைக்கு மேல் நெருங்க இயலாது. ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்று உலகெங்கும் வழங்கும் அதனைக் கொண்டே, புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவங்களை இன்றும் சரிபார்க்கின்றனர்.

இவ்வாறு கண்டறிந்த வடிவங்களைத் தொகுத்து வைக்க 1971இல் புரதத் தரவு வங்கி தொடங்கப்பட்டது. அப்போது அதில் இருந்தவை 7 வடிவங்களே. இன்று 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் அதில் உள்ளன. அவற்றை யாரும் கட்டணமின்றிப் பெறலாம்.

> தெரிந்து தெளிவோம்
> 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், சிறுவயதிலேயே பெற்றோருடன் குஜராத்தின் வதோதராவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயே படித்து இயற்பியலில் பட்டம் பெற்றார். உயிரணுவுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் வடிவத்தையும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சில அதில் எங்குச் சென்று ஒட்டிக்கொள்கின்றன என்பதையும் அவருடைய குழுவினர் கண்டறிந்தனர். 2009ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசை அவர் வேறிருவருடன் பகிர்ந்துகொண்டார்.

கற்கும் இயந்திரம்

பூட்டுத் தெரிந்தாலும் திறவுகோல்களுக்குக் கணக்கில்லை. மருந்தாகத்தக்க சிறு மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 1 என்னும் எண்ணுக்குப் பின் 60 சுழியங்களை இட்டால் வரும் தொகையை எட்டலாம் என்று மதிப்பிடுவர். அவை அனைத்தையும் செய்து பார்ப்பது எவராலும் ஆகாது. எனவே கணினியின் துணை நாடப்பட்டது. 1982இல் அமெரிக்க அறிவியலாளர் இர்வின் குன்ட்சும் அவர்தம் குழுவினரும், மூலக்கூறைப் புரதக் குழியில் பலவாறு திருப்பி வைத்துப் பொருத்தம் பார்க்கும் கணினி முறையை வெளியிட்டனர். இத்தகைய முறைகளில் பொருத்தத்துக்கான விதிகளை மனிதரே எழுதிக் கொடுத்தனர்.

இயந்திரக் கற்றல் வேறு வழியில் செல்வது. இதில் விதிகளுக்கு மாறாக எடுத்துக்காட்டுகள் கொடுக்கப்படுகின்றன. இன்ன புரதத்தோடு இன்ன மூலக்கூறு இவ்வளவு வலிமையாகச் சேர்ந்தது என்று ஆய்வகங்களில் அளந்தறிந்த செய்திகளைக் கணினி பெறுகிறது. ஒவ்வொன்றுக்கும் அது ஒரு விடையை ஊகிக்கிறது. ஊகம் எவ்வளவு பிழைத்தது என்பதைக் கணக்கிட்டு, தனக்குள் இருக்கும் எண்களைச் சிறிதளவு மாற்றிக்கொள்கிறது. இவ்வாறு இலட்சக்கணக்கான முறை திருத்திக்கொண்டபின், எடுத்துக்காட்டுகளில் பொதிந்துள்ள ஒழுங்கு அதற்குப் பிடிபடத் தொடங்குகிறது.

இத்துறையின் பெரும் வெற்றி ஒரு தேர்வில் வெளிப்பட்டது. 1994 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை புரத வடிவங்களைக் கணிக்கும் உலகப் போட்டி நடைபெறுகிறது. ஆய்வகத்தில் வடிவம் கண்டறியப்பட்டும் இன்னும் வெளியிடப்படாத புரதங்களே அதில் வினாக்களாகும். போட்டியாளருக்கு அமினோ அமிலங்களின் வரிசை மட்டும் கொடுக்கப்படும். விடை உறையிலிட்டு மூடியது போல் மறைந்திருக்கும். 2020ஆம் ஆண்டுப் போட்டியில், இலண்டனிலுள்ள டீப்மைண்டு நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்டு 2 என்னும் நிரல், பெரும்பாலான புரதங்களுக்கு ஆய்வக முடிவை மிகவும் நெருங்கிய விடையைத் தந்தது. 2022க்குள் அது கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள் பொதுவில் வைக்கப்பட்டன. 2024 மே மாதம் வெளிவந்த ஆல்ஃபாஃபோல்டு 3, புரதமும் சிறு மூலக்கூறும் சேர்ந்திருக்கும் நிலையையும் கணிக்கத் தொடங்கியது. அவ்வாண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதியை, புதிய புரதங்களைக் கணினியால் வடிவமைத்த டேவிட் பேக்கர் பெற்றார். மறு பாதியை டீப்மைண்டின் டெமிஸ் ஹசாபிசும் ஜான் ஜம்பரும் பகிர்ந்துகொண்டனர்.

பூட்டை மறைத்தபோது

மருந்து தேடும் நிரல்கள் எல்லாம் அத்தகைய மூடிய உறைத் தேர்வை எழுதியவை அல்ல. அவற்றைச் சோதிக்கப் பலரும் பயன்படுத்திய ஒரு தரவுத் தொகுப்பு 2012இல் வெளிவந்தது. அதில் 102 புரதங்களும், அவற்றோடு சேர்வதாக அறியப்பட்ட 22,886 மூலக்கூறுகளும் இருந்தன. உண்மையான ஒவ்வொரு திறவுகோலுக்கும் 50 பொய்த் திறவுகோல்கள் சேர்க்கப்பட்டிருந்தன. அப்பொய்த் திறவுகோல்கள் எடை முதலிய பண்புகளில் மெய்யானவற்றை ஒத்தும், கட்டமைப்பில் அவற்றிலிருந்து வேறுபட்டும் இருக்குமாறு தெரிந்தெடுக்கப்பட்டவை. மெய்யையும் பொய்யையும் பிரித்துக் காட்டுவதே கணினிக்கு வைக்கப்பட்ட தேர்வு. இயந்திரக் கற்றல் நிரல்கள் அதில் மிக உயர்ந்த மதிப்பெண்களைப் பெற்றன.

2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு அம்மதிப்பெண்களை ஐயுற்றது. ஆய்வாளர் செய்த சோதனை மிக எளியது. அவர்கள் புரதத்தை மறைத்துவிட்டு, மூலக்கூறுகளை மட்டும் கணினிக்குக் காட்டிப் பயிற்றுவித்தனர். பூட்டே இல்லாதபோது எந்தத் திறவுகோல் பொருந்தும் என்று எவரால் கூற முடியும்? மதிப்பெண் வீழ்ந்திருக்க வேண்டும். ஆனால், அது ஏறத்தாழ முன்பிருந்தபடியே இருந்தது!

இதன் பொருள் தெளிவானது. அந்த நிரல் முதலிலிருந்தே பூட்டைப் பார்க்கவில்லை. மெய்யான மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. பொய்யானவை அவற்றிலிருந்து வேறுபட்டிருந்தன. தொகுத்த முறையால் விளைந்த அவ்வேறுபாட்டை மட்டும் நிரல் பற்றிக்கொண்டது. நான்கு விடைகளுள் மிக நீளமானதே பெரும்பாலும் சரியாக இருப்பதைக் கண்டுகொண்ட மாணவன் ஒருவன், வினாவைப் படிக்காமலே நீளமான விடையைக் குறித்து வருவான். அவன் மதிப்பெண் உயர்ந்திருக்கும்; பாடம் ஒன்றும் அவனுக்குத் தெரிந்திருக்காது. வேறு பள்ளியின் வினாத்தாளைக் கையில் கொடுத்தால் அவன் திகைத்து நிற்பான். நிரலின் நிலையும் அதுவே. புதிய நோய்க்குரிய புதிய பூட்டின் முன் அத்தகைய நிரல் வழிகாட்டாது.

நிரல் பொய் சொல்லவில்லை என்பதும் எண்ணத்தக்கது. கொடுத்த தேர்வில் அது சரியாகவே விடையளித்தது. குறை தேர்வை அமைத்த முறையில் இருந்தது.

அணுவுக்கும் இடம் வேண்டும்

2023இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் மற்றொரு சோதனையை வெளியிட்டனர். மூலக்கூறு புரதத்தில் அமரும் நிலையைக் கணிக்கும் 5 இயந்திரக் கற்றல் முறைகளையும் 2 பழைய முறைகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். விடை சரியான இடத்துக்கு அருகில் உள்ளதா என்று மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. இயற்கையில் அப்படி ஒரு நிலை இருக்கக்கூடுமா என்றும் வினவினர். பிணைப்பின் நீளம் சரியா? தட்டையாக இருக்க வேண்டிய வளையம் தட்டையாக உள்ளதா? மருந்தின் அணு புரதத்தின் அணுவுக்குள் புகுந்து நிற்கிறதா?

இயந்திரக் கற்றல் முறைகள் தந்த விடைகளுள் பல இவ்வினாக்களில் தோற்றன. முன்பு கண்டிராத புரதங்களில் அவை மேலும் தடுமாறின. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது பழைய முறைகளை அவற்றுள் எதுவும் வெல்லவில்லை. இரண்டு அணுக்கள் ஓர் எல்லைக்கு மேல் நெருங்க இயலாது என்பது 1963இல் சென்னையில் வரைந்த வரைபடத்துக்கு அடிப்படையான விதியன்றோ! அவ்விதியை எடுத்துக்காட்டுகளிலிருந்து மட்டும் கற்ற நிரல்கள் முழுமையாகக் கற்றிருக்கவில்லை.

அச்சோதனை வீண்போகவில்லை. அடுத்த ஆண்டு வந்த ஆல்ஃபாஃபோல்டு 3, அதே வினாத்தொகுப்பால் சோதிக்கப்பட்டு, பழைய முறைகளை விஞ்சியது. அணுக்கள் சில வேளைகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன என்னும் குறையையும் அதை உருவாக்கியோர் தம் கட்டுரையில் தாமே குறிப்பிட்டனர். தன் பிழையைத் தானே எடுத்துரைப்பது அறிவியலுக்கு இழுக்கு அன்று. அதுவே அதன் வலிமை.

கணினிக்குப் பின்

கணினி தருவது மருந்து அன்று. சோதித்துப் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலே ஆகும். அப்பட்டியலிலுள்ள மூலக்கூறை வேதியியலாளர் செய்து பார்க்க வேண்டும். அது புரதத்தோடு உண்மையிலேயே சேர்கிறதா என்று ஆய்வகத்தில் அளக்க வேண்டும். சேர்ந்தாலும் அது உடலுக்குத் தீங்கு செய்யலாம். செல்ல வேண்டிய உறுப்பை அடையாமற்போகலாம். எனவே விலங்குகளிடத்தும், பின்னர் இசைவளித்த மனிதரிடத்தும் பல படிகளாகச் சோதனைகள் நடைபெறுகின்றன. இதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

கோடிக்கணக்கான மூலக்கூறுகளிலிருந்து சில நூற்றைக் கணினி சரியாகத் தெரிந்தெடுத்தால், அவ்வாண்டுகளுள் சில மிஞ்சும். பூட்டைப் பாராமல் தெரிந்தெடுத்தாலோ, பொருந்தாத திறவுகோல்களைச் செய்து பார்ப்பதிலேயே அவ்வாண்டுகள் கழிந்துவிடும். இரண்டு நிரல்களும் காட்டும் மதிப்பெண் ஒன்றாகவே இருக்கலாம். அவற்றைப் பிரித்தறியும் பொறுப்பு, வினாத்தாளை அமைக்கும் மனிதரிடமே உள்ளது. மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளியின் நாட்கள் அவர் கையில் இருக்கின்றன.

---

சொற்பொருள்

திறவுகோல் – சாவி
குருதி – இரத்தம்
நொதி – உடலில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம்
வேட்கை – பெருவிருப்பம்
ஐயுற்றது – சந்தேகித்தது
இழுக்கு – குறை
இசைவு – சம்மதம்

இலக்கணக் குறிப்பு

பூட்டும் திறவுகோலும் – எண்ணும்மை
பொருந்தாத திறவுகோல் – எதிர்மறைப் பெயரெச்சம்
கற்கும் இயந்திரம் – பெயரெச்சம்
கற்றல் – தொழிற்பெயர்
பாராமல் – எதிர்மறை வினையெச்சம்

மதிப்பீடு

*அ. சரியான விடையைத் தெரிவு செய்க.*

1. கையுறை உவமையால் புரதத்தின் நெகிழ்வை விளக்கியவர்
 (அ) எமில் ஃபிஷர் (ஆ) டேனியல் கோஷ்லண்டு (இ) ஜான் கென்ட்ரூ (ஈ) ஜி. என். இராமச்சந்திரன்

2. 2019ஆம் ஆண்டு ஆய்வில் கணினிக்குக் காட்டாமல் மறைக்கப்பட்டது
 (அ) மூலக்கூறு (ஆ) பொய்த் திறவுகோல் (இ) புரதம் (ஈ) மதிப்பெண்

*ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.*

1. புரதச் சங்கிலி ______ வகை அமினோ அமிலங்களால் ஆனது.
2. புரதத் தரவு வங்கி தொடங்கியபோது அதில் ______ வடிவங்கள் இருந்தன.

*இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.*

1. இமாட்டினிப் சிலருக்குப் பயனளிக்காமற்போனது ஏன்?
2. விதிகளை எழுதிக் கொடுக்கும் முறைக்கும் இயந்திரக் கற்றலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. 2020ஆம் ஆண்டுப் போட்டி ‘மூடிய உறைத் தேர்வு’ எனப்படுவது ஏன்?

*ஈ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.*

1. “குறை தேர்வை அமைத்த முறையில் இருந்தது.” – இத்தொடரைப் பாடக் கருத்துகளைக் கொண்டு விளக்குக.
2. ஒருவர் பாடத்தை மனப்பாடம் செய்துள்ளாரா, புரிந்துகொண்டுள்ளாரா என்பதை அறிய நீ எத்தகைய வினாக்களை அமைப்பாய்? மூன்று வினாக்களை எழுதிக் காரணம் கூறுக.

மொழியோடு விளையாடு

தமிழில் வழங்கும் ‘சாவி’ என்னும் சொல்லும், இந்தியில் வழங்கும் ‘சாபி’ என்னும் சொல்லும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை. இலங்கைத் தமிழர் இதனைத் ‘திறப்பு’ என்பர். வீட்டிலுள்ள பெரியோரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு, ‘சாவி’, ‘பூட்டு’, ‘மருந்து’ ஆகியவற்றுக்குப் பிறமொழிகளில் வழங்கும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி அட்டவணைப்படுத்துக.